‘என்டர்’ தட்டும் முன் படிங்க! கமாண்ட் லைன் என்றால் என்ன? கற்றுக்கொள்வது எப்படி? காஞ்சிபுரம் காட்டும் வழி

கம்ப்யூட்டரில் ஒரு கறுப்புத் திரை. ஓரத்தில் மினுக் மினுக்கென்று துடிக்கும் சின்னக் கோடு. படம் இல்லை, பட்டன் இல்லை, மவுஸை வைத்து கிளிக் செய்ய எதுவுமே இல்லை. “ஐயையோ, சிஸ்டம் போச்சா?” என்றுதான் பலருக்கும் முதலில் தோன்றும்.

போகவில்லை. அதற்குப் பெயர் கமாண்ட் லைன். தமிழில் கட்டளை வரி.

“அதெல்லாம் சாஃப்ட்வேர் ஆளுங்க சமாச்சாரம், நமக்கு எதுக்கு?” என்று ஒதுக்கிவிட முடியாத நிலை இப்போது வந்துவிட்டது. அதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. தமிழ்நாடு பாடத்திட்டத்தில் பிளஸ் டூ கணினி அறிவியல் படிக்கும் மாணவர்கள் இந்தத் திரையைப் பாடத்திலேயே சந்திக்கிறார்கள் என்பது ஒன்று. இதே திரை வழியாகத்தான் ஒரு புதுவகை மோசடி வீட்டு கம்ப்யூட்டருக்குள்ளும் கடை கம்ப்யூட்டருக்குள்ளும் நுழைகிறது என்பது இன்னொன்று.

கமாண்ட் லைன் என்றால் என்ன, அதை எப்படிப் படிப்பது, எங்கே தொடங்குவது, யாரிடம் கேட்பது? விரிவாகப் பார்க்கலாம்.

கமாண்ட் லைன் என்றால் என்ன?

கம்ப்யூட்டரிடம் வேலை வாங்க இரண்டு வழிகள் இருக்கின்றன. ஒன்று, கண்ணுக்குத் தெரியும் படங்களையும் மெனுக்களையும் தொட்டு வேலை வாங்குவது. ஹோட்டலில் மெனு கார்டைக் காட்டி “இது ஒண்ணு, அது ஒண்ணு” என்று கேட்பது போல. இன்னொன்று, என்ன வேண்டும் என்பதை எழுதிக் கேட்பது. இந்த இரண்டாவது வழிதான் கமாண்ட் லைன்.

ஒரு வரி எழுத வேண்டும், என்டர் தட்ட வேண்டும். கம்ப்யூட்டர் அந்த வேலையைச் செய்துவிட்டு அடுத்த வரிக்காகக் காத்திருக்கும். அவ்வளவுதாங்க.

அந்த வரியைப் படித்துப் புரிந்துகொண்டு வேலை செய்யும் மென்பொருளுக்கு ‘ஷெல்’ என்று பெயர். அது இயங்கும் ஜன்னலை ‘டெர்மினல்’ என்கிறார்கள். விண்டோஸில் ‘கமாண்ட் ப்ராம்ப்ட்’, ‘பவர்ஷெல்’ என இரண்டு ஷெல்கள் உண்டு. லினக்ஸில் பெரும்பாலும் ‘பேஷ்’, ஆப்பிள் மேக்கில் 2019 முதல் ‘இசட்-ஷெல்’. பெயர்கள் வேறு வேறாக இருந்தாலும் வேலை செய்யும் முறை ஒன்றுதான்.

பட்டுத்தறிக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையம் பக்கம் நெசவாளர் வீடுகளில் தறிக்கு மேலே ஜக்கார்டு பெட்டி இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதில் ஓட்டை போட்ட அட்டைகள் மாலை போலக் கோத்துத் தொங்கும். ஊடை நூல் ஒருமுறை குறுக்கே ஓடுவதற்கு ஓர் அட்டை. ஓட்டை இருக்கும் இடத்தில் அதற்குரிய பாவு நூல் மேலே தூக்கப்படும், ஓட்டை இல்லாத இடத்தில் நூல் கீழேயே நிற்கும். இப்படி அட்டை அட்டையாகப் போகப் போக பார்டரில் மயிலும் முந்தானையில் மாங்காயும் விழுகின்றன.

நெசவாளர் மயிலை வரைவதில்லை. எந்த நூல் தூக்க வேண்டும் என்ற கட்டளையைத்தான் அட்டை சொல்கிறது. அட்டை ஒன்று இடம் மாறிக் கோக்கப்பட்டால் டிசைனும் அங்கேயே பிசகும். தறி கேள்வி கேட்காது, சொன்னதை அப்படியே செய்யும்.

இந்த முறையை 1804ல் பிரான்ஸைச் சேர்ந்த ஜோசப் மாரி ஜக்கார் உருவாக்கினார். பின்னாளில் இங்கிலாந்தின் சார்லஸ் பேபேஜ், தான் திட்டமிட்ட கணக்கிடும் இயந்திரத்துக்குக் கட்டளை கொடுக்க இதே அட்டை முறையைத்தான் தேர்ந்தெடுத்தார். 1890 அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஹெர்மன் ஹாலரித் ஓட்டை அட்டைகளைப் பயன்படுத்தினார். அவர் தொடங்கிய நிறுவனம் மற்ற சில நிறுவனங்களோடு இணைந்து, 1924ல் ஐபிஎம் என்று பெயர் மாறியது. கம்ப்யூட்டர்கள் வந்த பிறகும் பல ஆண்டுகள் அட்டைகளில்தான் கட்டளைகள் கொடுக்கப்பட்டன.

அட்டை போய், தட்டச்சு செய்யும் வரி வந்தது. அந்த வரிதான் இன்றைய கமாண்ட் லைன். தறி போலவே இதுவும் கேள்வி கேட்காது. சரியாகச் சொன்னால் சரியாகச் செய்யும், தப்பாகச் சொன்னால் தப்பையும் அச்சு அசலாகச் செய்துவிடும். கமாண்ட் லைன் கற்றுக்கொள்வதில் முக்கியமான பாடமே இதுதான். என்டர் தட்டும் முன் அந்த வரியைப் படிக்கத் தெரிய வேண்டும்.

மவுஸ் இருக்கும்போது இது எதற்கு?

நியாயமான கேள்வி. போட்டோ பார்க்க, படம் பார்க்க, கடிதம் அடிக்க மவுஸே போதும். ஆனால் சில வேலைகளுக்கு அது போதாது.

முதலாவது, ஒரே வேலையைப் பலமுறை செய்ய வேண்டிய இடங்கள். ஒரு ஃபைலை மாற்ற மவுஸ் போதும். 600 ஃபைல்களை மாற்ற வேண்டும் என்றால் விரல் தேய்ந்துவிடும். கமாண்ட் லைனில் ஒரு ஃபைலுக்கும் 600 ஃபைலுக்கும் ஒரே வரிதான்.

இரண்டாவது, வேலைவாய்ப்பு. இணையதளங்களும் ஆப்களும் இயங்கும் சர்வர்கள் பெரும்பாலும் எங்கோ ஒரு டேட்டா சென்டரில் இருக்கின்றன. அவற்றுக்குத் திரையும் கிடையாது, மவுஸும் கிடையாது. தொலைவில் இருந்து கட்டளை வரி மூலமாகத்தான் அவற்றைக் கையாள்கிறார்கள். உலகின் அதிவேக 500 சூப்பர் கம்ப்யூட்டர்கள் பட்டியலில் 2017 நவம்பர் முதல் இடம்பெறும் அத்தனையும் லினக்ஸில் இயங்குபவை. கையில் இருக்கும் ஆண்ட்ராய்டு போனுக்கு அடியில் இருப்பதும் லினக்ஸ் கர்னல்தான்.

மூன்றாவது, பாடப்புத்தகம். 2019ல் வந்த தமிழ்நாடு பாடத்திட்ட பிளஸ் டூ கணினி அறிவியல் புத்தகத்தில் பைத்தான் மொழி கற்றுத்தரப்படுகிறது. அதில் சி பிளஸ் பிளஸ் நிரலை பைத்தான் வழியாக இயக்கும் பாடம் ஒன்று உண்டு. அந்த நிரலை கட்டளை வரியில் இருந்துதான் இயக்க வேண்டும். ‘சிடி’, ‘சிஎல்எஸ்’ போன்ற கட்டளைகள் அங்கே வருகின்றன. முன்பின் கறுப்புத் திரையைப் பார்த்திராத மாணவருக்கு நிரலை விட அந்த ஜன்னல்தான் பயமாக இருக்கும். கடைசியில் அந்தப் பாடத்தை மனப்பாடம் செய்து தேர்வில் எழுதிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள்.

ஒரு கட்டளையை எப்படிப் படிப்பது?

கட்டளைகளை கம்ப்யூட்டரில் ஆங்கில எழுத்துகளில்தான் அடிக்க வேண்டும். கீழே அவற்றின் உச்சரிப்பு மட்டும் தமிழில் தரப்பட்டிருக்கிறது.

பெரும்பாலான கட்டளைகளில் மூன்று பகுதிகள் இருக்கும். என்ன செய்ய வேண்டும்? எப்படிச் செய்ய வேண்டும்? எதன் மீது செய்ய வேண்டும்?

உதாரணமாக, லினக்ஸில் ‘எல்எஸ் -எல் போட்டோஸ்’ என்று ஒரு வரி. ‘எல்எஸ்’ என்றால் ‘பட்டியல் போடு’. ‘லிஸ்ட்’ என்ற சொல்லின் சுருக்கம் அது. ‘-எல்’ என்றால் ‘அளவு, தேதி எல்லாவற்றையும் சேர்த்து விவரமாகப் போடு’. ‘போட்டோஸ்’ என்பது ஃபோல்டரின் பெயர். சேர்த்துப் படித்தால், ‘போட்டோஸ் ஃபோல்டரில் இருப்பதை விவரமாகப் பட்டியல் போடு’.

ஒவ்வொரு பகுதிக்கும் நடுவில் ஒரு இடைவெளி கட்டாயம். புதிதாகக் கற்பவர்கள் அதிகம் தடுமாறும் இடம் இதுதான். இடைவெளியை விட்டுவிட்டால் ஷெல் முழுவதையும் ஒரே சொல்லாக எடுத்துக்கொண்டு ‘இப்படி ஒரு கட்டளையே இல்லை’ என்று பதில் சொல்லும். அதைப் பார்த்துப் பதற வேண்டாம். கம்ப்யூட்டருக்கு ஒன்றும் ஆகவில்லை, புரியவில்லை என்று சொல்கிறது, அவ்வளவே.

சரி, ‘லிஸ்ட்’ என்று முழுதாக வைக்காமல் ஏன் இப்படிச் சுருக்கினார்கள்? 1969ல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் கென் தாம்ப்சன், டென்னிஸ் ரிச்சி ஆகியோர் யூனிக்ஸ் என்ற இயங்குதளத்தை உருவாக்கத் தொடங்கியபோது அவர்களுக்கு இன்றைய மானிட்டர் இல்லை. டெலிடைப் என்ற தட்டச்சு இயந்திரத்தில்தான் கட்டளை அடிக்க வேண்டும். அதன் சாவிகள் கடினமானவை. அது தாளில் நொடிக்கு 10 எழுத்துகள்தான் அச்சடிக்கும். அதனால் கட்டளை எவ்வளவு சின்னதோ அவ்வளவு நல்லது. அந்தப் பழக்கத்தை 1991ல் வந்த லினக்ஸும் தொடர்ந்தது.

முதலில் எந்தக் கட்டளைகளைக் கற்கலாம்?

நூற்றுக்கணக்கான கட்டளைகள் இருக்கின்றன. அத்தனையும் யாருக்கும் மனப்பாடம் கிடையாது. ஆரம்பத்துக்குப் பத்து போதும்.

- ‘பிடபிள்யூடி’: நான் இப்போது எந்த ஃபோல்டரில் நிற்கிறேன்?
- ‘எல்எஸ்’: இங்கே என்னென்ன இருக்கிறது? விண்டோஸ் கமாண்ட் ப்ராம்ப்டில் ‘டிர்’.
- ‘சிடி’: வேறு ஃபோல்டருக்குப் போ. லினக்ஸ், விண்டோஸ் இரண்டிலும் இதேதான்.
- ‘எம்கேடிஐஆர்’: புது ஃபோல்டர் உருவாக்கு. இதுவும் இரண்டிலும் உண்டு.
- ‘சிபி’: நகல் எடு. விண்டோஸில் ‘காப்பி’.
- ‘எம்வி’: இடம் மாற்று அல்லது பெயர் மாற்று. விண்டோஸில் இடம் மாற்ற ‘மூவ்’, பெயர் மாற்ற ‘ரென்’.
- ‘கேட்’: எழுத்து ஃபைலைத் திறந்து காட்டு. விண்டோஸில் ‘டைப்’.
- ‘ஆர்எம்’: அழி. விண்டோஸில் ‘டெல்’. கவனம் தேவை, காரணம் பின்னால்.
- ‘கிளியர்’: திரையைச் சுத்தம் செய். விண்டோஸில் ‘சிஎல்எஸ்’.
- ‘மேன்’: கட்டளையின் கையேட்டைக் காட்டு. விண்டோஸில் கட்டளைக்குப் பின்னால் ஒரு சாய்கோடும் கேள்விக்குறியும் போட்டால் விளக்கம் வரும்.

இவற்றோடு மூன்று சாவிகளைத் தெரிந்துகொண்டால் பாதி சிரமம் குறையும். பெயரில் முதல் சில எழுத்துகளை அடித்து ‘டேப்’ தட்டினால் மீதியை ஷெல்லே நிரப்பிவிடும். மேல் அம்புக்குறியைத் தட்டினால் முன்பு அடித்த கட்டளை திரும்ப வரும். ஓடிக்கொண்டிருக்கும் கட்டளையை நிறுத்த ‘கண்ட்ரோல்-சி’. லினக்ஸ் டெர்மினலில் காப்பி எடுக்க ‘கண்ட்ரோல்-ஷிஃப்ட்-சி’ தட்ட வேண்டும். இந்த வித்தியாசம் தெரியாமல், காப்பி எடுக்கப் போய் வேலையையே நிறுத்திவிடுபவர்கள் நிறைய.

600 சேலை போட்டோ, நாலே வரி: நடைமுறையில் எப்படி?

காந்தி ரோட்டில் ஒரு பட்டுச் சேலைக் கடை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆன்லைனில் போடுவதற்காக 600 சேலைகளைப் போட்டோ எடுத்திருக்கிறார்கள். ஒவ்வொன்றும் பல எம்பி. வாட்ஸ்அப்பிலும் இணையதளத்திலும் போட அளவைக் குறைக்க வேண்டும். ஒவ்வொன்றாகத் திறந்து குறைத்தால் நாள் முழுக்க அதே வேலைதான்.

லினக்ஸில் ‘இமேஜ்மேஜிக்’ என்ற இலவச மென்பொருள் இருந்தால் நாலு வரி போதும். போட்டோக்கள் இருக்கும் ஃபோல்டருக்குள் ‘சிடி’ மூலம் போன பிறகு அடிக்க வேண்டியவை:

1. எம்கேடிஐஆர் சிறியவை
2. சிபி *.ஜேபிஜி சிறியவை
3. சிடி சிறியவை
4. மோக்ரிஃபை -ரீசைஸ் 1200 *.ஜேபிஜி

முதல் வரி ‘சிறியவை’ என்று ஒரு ஃபோல்டரை உருவாக்குகிறது. இந்தப் பெயரைத் தமிழ் எழுத்திலேயே வைக்கலாம், லினக்ஸ் ஏற்றுக்கொள்ளும். இரண்டாவது வரி எல்லா போட்டோவையும் அதில் நகல் எடுக்கிறது. நட்சத்திரக் குறிக்கு ‘பெயர் எதுவாக இருந்தாலும் சரி’ என்று பொருள். மூன்றாவது வரி அந்த ஃபோல்டருக்குள் போகிறது. நான்காவது, எல்லாவற்றின் அகலத்தையும் 1200 பிக்சலாக மாற்றுகிறது.

இங்கே கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது. ‘மோக்ரிஃபை’ கட்டளை மூலப் படத்தின் மீதே மாற்றத்தைச் செய்துவிடும். அதனால்தான் முதலில் நகல். இரண்டாவது, மூன்றாவது வரியை விட்டுவிட்டு நான்காவதை நேரே அடித்தால் 600 ஒரிஜினல் போட்டோவும் சின்னதாகிவிடும், பழைய அளவு திரும்ப வராது. வரியைப் படித்துப் புரிந்தவருக்கு இது தெரியும். எங்கிருந்தோ எடுத்து ஒட்டியவருக்குத் தெரியாது.

இன்னொரு சின்ன சிக்கலும் வரலாம். சில கேமராக்கள் பெயரின் கடைசியில் ‘ஜேபிஜி’யை ஆங்கிலப் பெரிய எழுத்தில் போடும். லினக்ஸுக்குப் பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் வேறு வேறு. ‘ஃபைலே இல்லை’ என்று பதில் வந்தால் முதலில் இதைத்தான் பார்க்க வேண்டும்.

எத்தனை போட்டோ வந்திருக்கிறது என்று எண்ண வேண்டுமா? ‘எல்எஸ் | டபிள்யூசி -எல்’. நடுவில் இருக்கும் செங்குத்துக் கோட்டுக்கு ‘பைப்’ என்று பெயர். முதல் கட்டளையின் விடையை அடுத்த கட்டளையிடம் குழாய் வழியாகக் கொடுப்பது போல இது கொடுக்கும். முதலாவது பட்டியல் போட, இரண்டாவது அதில் எத்தனை வரி என்று எண்ணிச் சொல்கிறது. 1973ல் யூனிக்ஸில் வந்த வசதி இது. சின்னச் சின்னக் கட்டளைகளைக் கோத்துப் பெரிய வேலை வாங்கலாம் என்பதுதான் கமாண்ட் லைனின் பலமே.

லினக்ஸ் வேண்டுமா, விண்டோஸே போதுமா?

எதில் வேண்டுமானாலும் தொடங்கலாம். விண்டோஸில் ஸ்டார்ட் மெனுவில் ‘சிஎம்டி’ என்று தேடினால் கமாண்ட் ப்ராம்ப்ட் வரும். ‘டிர்’, ‘சிடி’, ‘எம்கேடிஐஆர்’ பழக அது போதும். விண்டோஸ் 10, 11ல் லினக்ஸ் ஷெல்லையே உள்ளே நிறுவிக்கொள்ளும் வசதியும் இருக்கிறது. அதற்கு ‘டபிள்யூஎஸ்எல்’ என்று பெயர்.

தமிழ்நாட்டில் லினக்ஸ் புதிது இல்லை. மத்திய அரசின் சிடாக் நிறுவனம் டெபியன் லினக்ஸை அடிப்படையாக வைத்து ‘பாஸ்’ என்ற இயங்குதளத்தை உருவாக்கியது. ‘பாரத் ஆபரேட்டிங் சிஸ்டம் சொல்யூஷன்ஸ்’ என்பதன் சுருக்கம் அது. அந்தப் பணி நடந்தது சென்னையில். தமிழ்நாடு அரசின் இலவச லேப்டாப் திட்டம் 2011 செப்டம்பரில் தொடங்கியபோது, விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் சேர்த்தே கொடுக்கப்பட்டது. பல வீடுகளில் அந்த லேப்டாப் அலமாரியில் இன்னும் இருக்கும். புது விண்டோஸுக்கு அது தாங்காது. ஆனால் எடை குறைந்த லினக்ஸ் ஒன்றைப் போட்டால் கமாண்ட் லைன் பழக அது தாராளமாகப் போதும்.

கம்ப்யூட்டரே இல்லை, போன்தான் இருக்கிறது என்றாலும் வழி உண்டு. ஆண்ட்ராய்டு போனில் ‘டெர்மக்ஸ்’ என்ற இலவச ஆப் லினக்ஸ் கட்டளை வரியைத் தருகிறது.

ஆங்கிலம் சரளமாக வராது... யாரிடம் கேட்பது?

தமிழ்வழியில் படித்தவர்களுக்கு வரும் முதல் தயக்கம் இது. உண்மையில் கட்டளைகளுக்குத் தேவை ஆங்கில இலக்கணம் இல்லை. ‘எல்எஸ்’, ‘சிபி’ எல்லாம் ஆங்கிலேயருக்கும் புதுச் சொற்கள்தான், அவரும் உட்கார்ந்து கற்றுக்கொள்ளத்தான் வேண்டும். இடிப்பது வேறொரு இடத்தில். பிழை வந்தால் அது ஆங்கிலத்தில் வருகிறது, பக்கத்தில் விளக்கிச் சொல்ல ஆள் இல்லை. பலர் கைவிட்டுவிடுவது அந்த இடத்தில்தான்.

இதற்குக் காஞ்சிபுரத்தில் ஒரு பதில் இருக்கிறது. ‘காஞ்சி லினக்ஸ் பயனர் குழு’ என்ற தன்னார்வலர் குழு, ஞாயிற்றுக்கிழமைகளில் இணைய வழியில் வாராந்திர சந்திப்புகளை நடத்தி வருகிறது. ஜிட்சி என்ற இலவச வீடியோ மென்பொருளில் நடக்கும் இந்தச் சந்திப்பில் யார் வேண்டுமானாலும் சேரலாம், தமிழிலேயே பேசலாம். பிழைச் செய்தியைத் திரையில் பகிர்ந்து “இது ஏன் வருது?” என்று கேட்டால், தெரிந்தவர் சொல்லித் தருகிறார். பெயரில் காஞ்சி இருந்தாலும் இணைய வழி என்பதால் எந்த ஊரில் இருந்தும் கலந்துகொள்ளலாம். சென்னை, விழுப்புரம் போன்ற இடங்களிலும் இதுபோன்ற குழுக்கள் இயங்குகின்றன.

படித்துக் கற்க விரும்புவோருக்கு, 2012 ஜனவரியில் தொடங்கப்பட்ட ‘கணியம்’ இணைய இதழ் இருக்கிறது. கட்டற்ற மென்பொருள்கள் பற்றித் தமிழிலேயே கட்டுரைகள் வருகின்றன. ‘எளிய தமிழில்’ என்று தொடங்கும் தலைப்புகளில் லினக்ஸ் உட்படப் பல மின்னூல்களையும் இலவசமாகத் தரவிறக்கலாம்.

பார்த்துக் கற்க விரும்புவோருக்கு, மும்பை ஐஐடியின் ‘ஸ்போக்கன் டுடோரியல்’ திட்டம் இருக்கிறது. லினக்ஸ் அடிப்படைக் கட்டளைகள் உள்ளிட்ட பாடங்கள் தமிழ்க் குரலோடு சின்னச் சின்ன வீடியோக்களாக இருக்கின்றன. ஒரு பக்கம் வீடியோ, மறுபக்கம் டெர்மினல் என வைத்துக்கொண்டு, நிறுத்தி நிறுத்திச் செய்து பார்ப்பதுதான் அந்தப் பாடங்களின் முறை.

ஆபத்து எங்கே இருக்கிறது?

கமாண்ட் லைனில் இரண்டு இடங்களில் கட்டாயம் உஷாராக இருக்க வேண்டும்.

முதலாவது, அழிக்கும் கட்டளை. ‘ஆர்எம்’, ‘டெல்’ கொண்டு அழித்தால் ஃபைல் ரீசைக்கிள் பின்னுக்குப் போகாது. போனால் போனதுதான். நட்சத்திரக் குறியோடு அழிக்கும் முன், அதே நட்சத்திரக் குறியை ‘எல்எஸ்’ஸோடு போட்டுப் பாருங்கள். எதெல்லாம் அழியப் போகிறது என்று முன்கூட்டியே தெரிந்துவிடும். ‘ஆர்எம் -ஐ’ என்று கொடுத்தால் ஒவ்வொன்றையும் கேட்டுக் கேட்டு அழிக்கும். அதேபோல ‘சூடோ’ என்று தொடங்கும் வரியைப் பார்த்தால் ஒரு நிமிடம் நிறுத்துங்கள். நிர்வாகிக்குரிய முழு அதிகாரத்தோடு இதைச் செய் என்று அதற்குப் பொருள்.

இரண்டாவதுதான் இப்போது பெரிய தலைவலி. 2024 முதல் உலகம் முழுக்கப் பரவிவரும் ‘கிளிக்ஃபிக்ஸ்’ என்ற மோசடி. ஏதோ ஒரு இணையதளத்தைத் திறந்தால், “நீங்கள் ரோபோ இல்லை என்று உறுதி செய்யுங்கள்” என்று ஒரு பெட்டி வரும். அதைக் கிளிக் செய்ததும் பயனருக்கே தெரியாமல் ஒரு கட்டளை வரி கிளிப்போர்டில் காப்பி ஆகிவிடும். பிறகு மூன்று படிகள் சொல்வார்கள். விண்டோஸ் சாவியையும் ‘ஆர்’ எழுத்தையும் சேர்த்துத் தட்டுங்கள், ‘கண்ட்ரோல்-வி’ தட்டுங்கள், என்டர் தட்டுங்கள்.

பார்க்க ஒன்றுமே இல்லாதது போலத் தோன்றும். ஆனால் நடப்பது என்ன? முதல் படி விண்டோஸின் ‘ரன்’ பெட்டியைத் திறக்கிறது. இரண்டாவது படி மோசடிக்காரரின் கட்டளையை அதில் ஒட்டுகிறது. மூன்றாவது படி அதை இயக்குகிறது. பெரும்பாலும் பவர்ஷெல் பின்னணியில் ஓடி, பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டுகளைத் திருடும் மென்பொருளை இறக்கிவிடும். பூட்டை உடைத்து யாரும் உள்ளே வரவில்லை, வீட்டுக்காரரே கதவைத் திறந்துவிட்டிருக்கிறார். ஆன்டிவைரஸ் சில நேரங்களில் தடுக்கலாம், எப்போதும் தடுக்கும் என்று நம்பியிருக்க முடியாது.

கடையின் பில்லிங் கம்ப்யூட்டரில் இது நடந்தால்? வங்கிக் கணக்கு, ஜிஎஸ்டி லாகின், கடையின் இமெயில் எல்லாமே சேமித்த பாஸ்வேர்டில் இருக்கும்.

நினைவில் வைக்க வேண்டியது ஒன்றே ஒன்றுதான். எந்த உண்மையான ‘ரோபோ இல்லை’ சோதனையும் ‘ரன்’ பெட்டியையோ டெர்மினலையோ திறக்கச் சொல்லாது. சொன்னால் அந்தப் பக்கத்தை உடனே மூடிவிடுங்கள்.

தெரியாமல் செய்துவிட்டால் முதலில் இணைய இணைப்பைத் துண்டியுங்கள். வேறொரு சாதனத்தில் இருந்து இமெயில், வங்கி பாஸ்வேர்டுகளை மாற்றுங்கள். வங்கிக்குத் தகவல் சொல்லுங்கள். பணம் போயிருந்தால் தாமதிக்காமல் 1930 என்ற தேசிய சைபர் குற்ற உதவி எண்ணை அழையுங்கள். அந்தக் கம்ப்யூட்டரைத் தெரிந்தவரிடம் காட்டிச் சுத்தம் செய்யும் வரை அதில் எந்தக் கணக்குக்குள்ளும் நுழையாதீர்கள்.

ஒரு மாதத்தில் கற்க முடியுமா?

தினமும் அரைமணி நேரம் ஒதுக்கினால் அடிப்படை கைவந்துவிடும்.

முதல் வாரம்: ‘பிடபிள்யூடி’, ‘எல்எஸ்’, ‘சிடி’ மட்டும். இந்த மூன்றும் பார்க்கவும் நடக்கவும்தான், எதையும் மாற்றாது. எவ்வளவு வேண்டுமானாலும் தைரியமாக அடித்துப் பார்க்கலாம்.

இரண்டாம் வாரம்: பயிற்சிக்கென்று தனி ஃபோல்டர் ஒன்றை உருவாக்கி, அதற்குள் மட்டும் ‘எம்கேடிஐஆர்’, ‘சிபி’, ‘எம்வி’, ‘ஆர்எம்’. முக்கியமான ஃபைல்கள் இருக்கும் இடத்தில் பயிற்சி வேண்டாம்.

மூன்றாம் வாரம்: நட்சத்திரக் குறி, பைப், கையேடு பார்ப்பது.

நான்காம் வாரம்: உங்களுடைய சொந்த வேலை ஒன்றைக் கமாண்ட் லைனில் முடித்துப் பாருங்கள். போட்டோ அளவு குறைப்பதாக இருக்கலாம், பாடப்புத்தக நிரலை இயக்குவதாகவும் இருக்கலாம்.

பயன்படுத்திய கட்டளைகளை ஒரு நோட்டில், பக்கத்தில் தமிழ் விளக்கத்தோடு எழுதி வையுங்கள். ஏஐ செயலிகளிடம் கேட்டு கட்டளை வாங்குபவர்களுக்கும் இது பொருந்தும். அது கொடுத்த வரியை அப்படியே ஒட்டாமல், “இதில் ஒவ்வொரு பகுதியும் என்ன செய்யும்?” என்று கேட்டு, கையேட்டோடு ஒப்பிட்ட பிறகே ஓட்டுங்கள்.

தறியில் உட்காரும் முன் அட்டைகள் வரிசையாக இருக்கின்றனவா என்று பார்ப்பது காஞ்சிபுரத்துக்குப் பழகிய வேலைதான். கறுப்புத் திரைக்கும் அதே பழக்கம் போதும். என்ன செய்யச் சொல்கிறது, எப்படி, எதன் மீது? இந்த மூன்றுக்கும் பதில் தெரிந்தால் என்டர் தட்டுங்க. தெரியவில்லை என்றால், தெரிந்தவரிடம் கேட்டுவிட்டுத் தட்டுங்க.